வலது பக்கத்து நாற்றம்

உலகத்தில் உள்ள வியாதிகளிலேயே மரியாதை கெட்டது சைனஸ்தான் என்பது அவளுடைய தீர்மானமான அபிப்பிராயம். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தால் பதறுகிறார்கள். கன்னத்து எலும்புக்குள் சீழ் கட்டி, கண்ணுக்குக் கீழே யாரோ உட்கார்ந்து ஆணி அடிக்கிற மாதிரி வலிக்கிறது என்று சொன்னால் மட்டும், "ஓ, சளியா" என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். சளியாம், சளி! ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரு மனுஷிக்கு வலது பக்கம் மட்டும் சளி பிடித்துக்கொண்டே இருக்குமா என்று ஒருத்தராவது யோசிக்க வேண்டாமா?

அவள் வேலை பார்த்தது ஒரு பால் நிலையத்தில். விடிந்தும் விடியாமலும் லாரிகள் வந்து மேடையோரம் பின்வாங்கி நிற்கும். இறங்குகிற கேன்களின் மூடியை ஒவ்வொன்றாகத் தட்டித் திறந்து, குனிந்து ஒரு மூச்சு இழுத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. நல்ல பால் என்றால் கையசைப்பாள், கேன் உள்ளே போகும். புளிப்போ புகை வாடையோ லேசாகத் தட்டினால்கூட விரலை மடக்குவாள், ஒதுக்கி வைத்துவிடுவார்கள். ஆய்வுக்கூடத்தில் கருவிகள் உண்டுதான். அவை பதில் சொல்கிறவரை பால் காத்திருக்காது என்பதால் முதல் தீர்ப்பு மேடையில் நிற்கிறவளுடையது. அங்கே எல்லோரும் அவளை மூக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைவிட அந்தப் பெயரில்தான் அவளுக்குப் பெருமை அதிகம்.

அந்த மூக்குதான் இப்போது அவள் காலை வாரிவிட்டிருந்தது. வெறும் அடைப்பு என்றால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பாள். வலது பக்கத்திலிருந்து ஒரு நாற்றம் வந்துகொண்டே இருந்தது. அழுகிய தண்ணீரில் ஊறிய துணி மாதிரி. சாப்பாட்டில் அந்த நாற்றம், தலையணையில் அந்த நாற்றம், குளித்துவிட்டு வந்தால் துவைத்த துண்டிலும் அதே நாற்றம். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு முகர்ந்து பாருங்கள் என்றால், அவர் நாலு பக்கமும் மூக்கை நீட்டிவிட்டு ஒன்றுமே இல்லையே என்பார். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நாள் முழுக்க கிரீஸ் வாடையில் கிடக்கிற மனுஷனுக்கு என்ன தெரியும் என்று அவள் எரிந்து விழுவாள்.

டாக்டர்களுக்கும் குறைச்சல் இல்லை. முதல் டாக்டர் அவள் உட்காருவதற்கு முன்பே மாத்திரை எழுதினார். சாப்பிடுகிறவரை கொஞ்சம் தேவலை, நிறுத்தியதும் பழைய குருடி கதவைத் திறடி. அடுத்தவர் அதைவிடப் பெரிய மாத்திரை எழுதினார். அது மூக்கை விட்டுவிட்டு வயிற்றைப் பதம் பார்த்தது. மூன்றாமவர் ஒவ்வாமை என்று சொல்லி, வீட்டிலுள்ள மெத்தை, திரைச்சீலை, பூனை எல்லாவற்றையும் வெளியே அனுப்பச் சொன்னார். மெத்தையும் திரைச்சீலையும் போயின. பூனை பக்கத்து வீட்டில் சுகமாக இருக்கிறது. நாற்றம் மட்டும் போகவில்லை. அதற்கப்புறம் ஒருவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது மனக்கவலையா என்று இதமாக விசாரித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கவலை இருந்தால் கண்ணில் தண்ணீர் வரும், மூக்கில் சீழா வரும் என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அறிவுரை சொல்ல ஆளாளுக்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லாவற்றையும் அவள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாள். ஒருத்தர் சொன்னதை மட்டும் தட்டாமல் கேட்டாள். அது அவளுடைய அண்ணன். அண்ணன் பல் டாக்டர். அந்தக் குடும்பத்தில் முதல்முதலாக டாக்டர் என்று பலகை மாட்டியவர். அவர் பேச்சு வந்தாலே அம்மாவுக்கு முதுகு நிமிர்ந்துவிடும். தங்கைக்கு உடம்பு சரியில்லை என்றதிலிருந்து வாரம் தவறாமல் போன் பண்ணி, ஆவி பிடி, உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவு, தைரியமாக இரு, தானாகச் சரியாகிவிடும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கூடப் பிறந்தவனுக்கு இருக்கிற அக்கறை வேறு யாருக்கு வரும் என்று அவள் நெகிழ்ந்துபோனாள்.

விவகாரம் முற்றியது ஒரு திங்கட்கிழமை. அன்றைக்கு நாற்றம் அதிகம், தலை குனிந்தாலே கன்னம் தெறித்தது. முதல் கேனைத் திறந்தாள், நாறியது. அடுத்தது, அதுவும் நாறியது. ஒரு லாரிப் பாலையும் விரலை மடக்கித் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டாள். டிரைவர் மேடையிலேயே கத்தினார். விஷயம் ஆய்வுக்கூடம் வரை போனது. பால் தங்கமான பால் என்று பதில் வந்தது. அதற்குள் பாதி கேன்கள் வெயிலில் நின்று உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தன.

மேலாளர் கோபப்படவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. இத்தனை வருஷத்தில் அவள் ஒதுக்கிய கேன் ஒன்றுகூடத் தப்பானதில்லை என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு, மூக்கு குணமாகிறவரை கேன் கழுவுகிற பகுதியில் இருக்கட்டும் என்றார். குணமாகவில்லை என்றால் அங்கேயே இருக்க வேண்டியதுதான் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்குப் பதிலாக மேடையில் ஏறியவள் ஒரு சின்னப் பெண். மூடியைத் திறந்து பாலை எட்டிப் பார்த்தாளே தவிர, குனிந்து மூச்சு இழுக்கவே இல்லை. கழுவுகிற இடத்திலிருந்து அதைப் பார்க்கப் பார்க்க மூக்கக்காவுக்கு வயிறு எரிந்தது.

கடைசியாக ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவிடம் போனாள். இந்தத் தடவை வீட்டுக்காரரும் கூடவே வந்தார். தனியாக விட்டால் இந்த டாக்டரோடும் சண்டை போட்டுவிட்டு வந்துவிடுவாள் என்று அவருக்குப் பயம். டாக்டரம்மா நிதானமாக எல்லாவற்றையும் கேட்டார். எந்தப் பக்கம், எப்போதிலிருந்து, நாற்றம் உங்களுக்கு மட்டுமா என்று கேட்டு, அவள் சொன்னதை நம்பவும் செய்தார். அப்புறம், பல்லில் ஏதாவது வைத்தியம் பார்த்துக்கொண்டீர்களா என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை முன்னால் பார்த்தவர்களில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அவர்களிடம் சொன்ன பதிலையே இப்போதும் சொன்னாள். "இல்ல டாக்டர். எங்க அண்ணனே பல் டாக்டர். பல்லுல எனக்கு ஒரு குறையும் கிடையாது."

அவள் பொய் சொல்லவில்லை. மேல் வரிசையில் வலது கடைவாய்ப் பல் ஒன்று முன்பு வலித்தது வாஸ்தவம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பூட்டியிருந்த கிளினிக்கைத் திறந்து, அண்ணி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, பேச்சோடு பேச்சாக வேரைச் சுத்தம் பண்ணி அடைத்துவிட்டார். வலி அன்றோடு போனது. சீட்டு கிடையாது, வரிசை கிடையாது, பயம்கூடக் கிடையாது. வீட்டில் சாப்பிட்ட சாப்பாட்டை ஓட்டலில் சாப்பிட்டேன் என்று யாராவது சொல்வார்களா? அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் அண்ணன் கை வைத்தது வைத்தியக் கணக்கில் வந்ததே இல்லை.

வீட்டுக்காரர்தான் சும்மா இருக்காமல் வாயைத் திறந்தார். "அந்தக் கடைவாய்ப் பல்ல உங்க அண்ணன் அடைச்சாரே, அத சேக்க வேண்டாமில்ல?" என்று அவளிடம் சந்தேகம் கேட்டார்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். எந்தப் பல், எந்தப் பக்கம், எப்போது என்று கேட்டார். பல் அடைத்த மாசமும் மூக்கு நாற ஆரம்பித்த மாசமும் ஏறக்குறைய ஒன்று என்று சொல்லச் சொல்ல அவளுக்கே நாக்கு குழறியது. உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். படத்தில் கன்னத்து எலும்புக்குள் காற்று இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் நிறமாக அடைந்து கிடந்தது. நடுவில் பளிச்சென்று ஒரு வெள்ளைத் துணுக்கு. பல்லின் வேரை அடைக்கிற பொருள் வேரைத் தாண்டி மேலே போய் உட்கார்ந்திருக்கிறது என்று டாக்டரம்மா காட்டினார். அது உள்ளே இருக்கிறவரை எந்த மாத்திரைக்கும் சீழ் நிற்காது என்றும், பல்லை எடுத்து உள்ளே கழுவிவிட்டால் அநேகமாகத் தீர்ந்துவிடும் என்றும் சொன்னார். அவளுக்கு நிம்மதியில் அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். அம்மா அங்கேதான் இருந்தாள். அண்ணன் படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஐயையோ என்று அவர் பதறுவார், எப்படி ஆச்சு என்று கேட்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காததிலிருந்தே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமா அண்ணா?" என்றாள்.

அண்ணன் படத்தை மடியில் வைத்துக்கொண்டார். "அன்னைக்கே எக்ஸ்ரேல பாத்தேன். கொஞ்சம் மேல போயிருந்துச்சு. நெறைய பேருக்கு அப்படியே இருந்துடும், ஒண்ணும் பண்ணாது. உனக்கும் பண்ணாதுன்னு நெனச்சேன்."

"நான் வாராவாரம் நாறுது நாறுதுன்னு சொன்னேனே."

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். ஞாயிற்றுக்கிழமை வா, நானே பல்லை எடுத்துவிடுகிறேன், யாருக்கும் தெரிய வேண்டாம், கேட்கிறவர்களிடம் சைனஸ் என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்றார். அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டாள். வேறு பல் டாக்டரிடம் போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள், கூடப் பிறந்தவளே நம்பவில்லை என்று ஆகிவிடாதா, இத்தனை பாடுபட்டுச் சேர்த்த பேர் என்ன ஆவது என்று மூக்கைச் சிந்தினாள். அந்த மூக்கு சிந்தியதும் சுத்தமாக இருப்பதைப் பார்த்து அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"அண்ணன் பேரு என்ன ஆகும்னு கேக்கறியேம்மா, என் மூக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள். "எத்தனை பேரு என்னைப் பைத்தியம் மாதிரி பாத்தாங்க தெரியுமா? என்னைக் கட்டிக்கிட்ட இந்த மனுஷன நான் நாலு வார்த்தை திட்டாத நாள் கிடையாது. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே அண்ணன் போன்ல தைரியமா இருன்னு சொல்லிட்டிருந்தாரு."

வீட்டுக்காரர் நமக்கேன் வம்பு என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளோ படத்தை அண்ணன் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்தாள். பல்லை வேறொருவர்தான் எடுத்தார். டாக்டரம்மா மூக்கு வழியாக உள்ளே போய்க் கழுவி அந்தத் துணுக்கையும் எடுத்துவிட்டார். அம்மா அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். அண்ணன் மட்டும் ஒருநாள் போன் பண்ணி, நலம் விசாரித்துவிட்டு, வேலை பார்க்கிற இடத்தில் விவரமாக எதுவும் சொல்லிக்கொள்ள வேண்டாமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அங்கிருந்து அவரிடம் வருகிறவர்கள் நிறைய பேர். வலியில்லாமல் பல் பார்க்கிறார் என்று அத்தனை பேரையும் அனுப்பி வைத்ததே அவள்தான். சரி என்றும் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்லாமல் அவள் போனை வைத்தாள்.

நாற்றம் ஒரேயடியாகப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் காலையில் துவைத்த துண்டில் சோப்பு வாசனை வந்தது. அவள் அந்தத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

மறுநாளே மேலாளர் அறைக்குப் போய், மேடைக்குத் திரும்ப வேண்டும் என்றாள். அவர் சந்தோஷப்பட்டார், ஆனால் பிடி கொடுக்கவில்லை. "சைனஸ் வந்தா போகாதுன்னு எங்க வீட்டுலயும் சொல்றாங்க. நாளைக்கு மறுபடியும் ஒரு லோடு நாறுதுன்னு சொன்னீங்கன்னா யாரும்மா பதில் சொல்றது?" என்றார்.

நியாயமான கேள்விதான். சைனஸ் என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டால் ஆயுசுக்கும் கேன் கழுவ வேண்டியதுதான். அண்ணனின் தயங்கிய குரல் காதில் கேட்டது. அம்மாவின் முகமும் வந்து நின்றது. யாருடைய பேரோ கெடாமலிருக்க நம்முடைய பேர் கெட்டது போதும் என்று அவள் நினைத்தாள்.

"இது சைனஸ்ல ஆரம்பிக்கல சார், பல்லுல ஆரம்பிச்சது. பல்லு அடைச்சப்போ மருந்து மேல ஏறிடுச்சு. பல்லையும் எடுத்தாச்சு, மருந்தையும் எடுத்தாச்சு. திரும்ப வர்றதுக்கு உள்ள ஒண்ணுமில்ல."

"எந்த டாக்டர் அடைச்சாரு?"

"எங்க அண்ணன்தான் சார்."

மேலாளரின் கை மெல்ல எழுந்து இடது கன்னத்தைத் தொட்டது. இரண்டு மாசத்துக்கு முன்னால் அவள்தான் அவரையும் பல் அடைக்க அண்ணனிடம் அனுப்பியிருந்தாள். எனக்கும் கொஞ்ச நாளாக இந்தப் பக்கம் கனமாக இருக்கிறது, குளிரால் என்று நினைத்தேன் என்றார். இன்றைக்குச் சாயங்காலமே அண்ணனிடம் போய்ப் படம் எடுத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள் என்றாள் அவள். மேடைக்கு நாளையிலிருந்து வரலாம் என்று அவர் சொன்னபோதுகூடக் கையைக் கன்னத்திலிருந்து எடுக்கவில்லை.

வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டாள். சொல்லிவிட்டேன் என்று முதலிலேயே சொன்னாள். எங்கள் மேலாளர் பல் எப்படி இருக்கிறது, அவருக்கும் மேலே போயிருக்கிறதா என்று கேட்டாள்.  அண்ணன் எழுந்து போய்க் கிளினிக் கதவைச் சாத்துகிற சத்தம் லைனில் கேட்டது.

"அவரு சாயங்காலம் வருவாருண்ணா."

"எனக்குப் பயமா இருக்கு," என்றார் அண்ணன். அவர் அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"எனக்கும் ஒரு வருஷமா பயமாத்தான் இருந்துச்சு," என்றாள் அவள். "என்கிட்ட நீ சொல்லல. அவர்கிட்டயாவது கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிடு."