பனியில் நின்ற குதிரை

பூட்டிய பெட்டி வைத்திருக்கும் புருஷனை நான் நம்புவதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. சாவி என் வீட்டுக்காரரின் அரைஞாண் கயிற்றில். உள்ளே என்ன என்று கேட்டால் "பழைய புக்கு" என்பார். பழைய புத்தகத்துக்கு எவனாவது இடுப்பில் சாவி கட்டிக்கொண்டு காவல் இருப்பானா? பாண்டிச்சேரியில் ஒரு லைப்ரரியில் வேலை பார்த்த காலத்தில் எவளோ ஒருத்தி இருந்திருக்கிறாள், அவள் போட்டோ உள்ளே இருக்கிறது என்று நான் எப்போதோ முடிவு கட்டிவிட்டேன்.

போன வாரம் பரணில் கரையான் ஏறியது. அவர் கண் டாக்டரைப் பார்க்கப் பாண்டிச்சேரி பஸ் ஏறியிருந்தார். கரையான் பேரைச் சொல்லிப் பெட்டியைக் கீழே இறக்கி, அம்மிக் குழவியால் பூட்டின் மேல் ஒரு போடு போட்டேன்.

உள்ளே எவளும் இல்லை. எல்லாம் இங்கிலீஷ் பத்திரிகைகள். அட்டைக்கு அட்டை குதிரை. நான் பிளஸ் டூ வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்ததில் விஷயம் புரிந்தது. குதிரை பொம்மை சேர்க்கிறவர்களுக்கென்றே வெளிநாட்டில் பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள். எந்தப் பொம்மைக்கு எந்த வருஷம் வால் மாறியது, கால் உடைந்தால் எப்படி ஒட்டுவது, பிடரிக்கு நிஜ முடி வைப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக. போட்டி வேறு. பொம்மையை வெட்டவெளியில் நிறுத்தி, உயிருள்ள குதிரை என்று நம்பும்படி போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். வேலைவெட்டி இல்லாத ஜனங்கள் என்று திட்டிக்கொண்டே புரட்டினேன். எவளும் கிடைக்காததில் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஒரு புத்தகத்தில் மட்டும் பக்கத்தின் ஓரம் மடித்திருந்தது. வெள்ளை வெளேரென்ற மேட்டில் ஒரு கறுப்புக் குதிரை, சிவப்புக் கடிவாளத்தோடு. 'பனியில்' என்று தலைப்பு. இரண்டாம் பரிசு. அருள்மொழி, பாண்டிச்சேரி, இந்தியா. சாட்சாத் என் வீட்டுக்காரர்தான்.

பாண்டிச்சேரியில் ஏது பனி? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். படத்தின் ஓரத்தில் ஏதோ பாறை போல ஒன்று மங்கலாகத் தெரிந்தது. அது பாறை இல்லை, களிமண் அப்பல். அதில் ஒரு கைத்தடம். நாலு விரல்தான், மோதிர விரல் இருக்க வேண்டிய இடம் காலி.

அது என் அப்பாவின் கை. மரக்காணத்தில் எங்களுக்கு உப்பளம் இருந்தது. வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்ததும், உச்சியில் ஈரக் களிமண்ணை அப்பி அதில் அப்பா கையைப் பதிப்பார். எவனாவது உப்பைத் திருடினால் தடம் கலைந்து காட்டிக் கொடுத்துவிடும். யாரையும் நம்பாத குணம் எனக்கு அவரிடமிருந்து வந்ததுதான்.

என் கல்யாணத்துக்கு முன், ஒரு சித்திரை மாதம், எங்கள் அம்பாரத்து உச்சியில் இந்தக் குதிரை நின்றது. பிடரியில் மனுஷ முடி, வாயில் சிவப்பு நூல். காலையில் பார்த்த வேலையாட்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். செய்வினை என்று ஒரே பேச்சு. அப்பா அதைக் கொளுத்திக் கடலில் போட்டார். மறுநாளே கோடையில் இல்லாத மழை கொட்டி, அந்த வருஷத்து உப்பு கரைந்து ஓடியது. பக்கத்துப் பாத்தி ஆதிமூலம் சித்தப்பாவின் உப்பு மட்டும் தப்பியது. அவர் முந்தின நாளே ஓலை போட்டு மூடியிருந்தார். அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? வாய்க்கால் தண்ணீருக்காக அதே வாரம் அப்பாவோடு சண்டை போட்டவர் வேறு. அண்ணன் தம்பியாகப் பழகினவர்தான், என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர்தான். அப்பாவுக்கு அதெல்லாம் மறந்துபோனது.

சித்தப்பா அய்யனார் கோயிலில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, குதிரையைத் தான் வைக்கவில்லை என்று சத்தியம் செய்தார். அந்த ஆடியிலேயே அவர் மனைவி ஞானாம்பாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பொய்ச் சத்தியம் சும்மா விடுமா என்றது ஊர். மகன் மணிகண்டன் அப்போது சின்னப் பையன். அவன் காதிலும் அது விழுந்தது. அன்றைக்குத் தன் அப்பாவிடம் பேச்சை நிறுத்தியவன்தான். இன்றைக்கும் அந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிறது.

சாயந்திரம் இவர் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, புத்தகத்தை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஏங்க, இந்தக் குதிரை யாருது?"

"கண்ணுக்கு மருந்து விட்டிருக்காங்க. ஒண்ணும் சரியா தெரியலை."

"எனக்கு நல்லாவே தெரியுது. சொல்லுங்க."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "லைப்ரரிக்கு வர்ற வெள்ளைக்காரம்மா ஒருத்தங்க, ஊருக்குப் போறப்ப பொம்மையும் புக்கும் குடுத்துட்டுப் போனாங்க. பனியில நிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுக்கணும்னு ஆசை. பனிக்கு நான் எங்க போறது? பஸ்ல போறப்ப உப்பளத்தைப் பாத்திருக்கேன், ஒரு நாள் சாயந்திரம் எறங்கிட்டேன். எடுத்துக்கினு இருக்கறப்ப நாய்ங்க தொரத்திடுச்சு. குதிரை அங்கியே நின்னுடுச்சு. அடுத்த வாரம் வந்து தேடினா குதிரையும் இல்ல, உப்பும் இல்ல."

"பிடரியில முடி?"

"எங்க அக்கா சவுரி. ஒட்டறது எப்டின்னு புக்குல போட்டிருந்தான்."

"செவப்பு நூலு?"

"கடிவாளம்."

எனக்குச் சந்தேகம் தீரவில்லை. "எங்க உப்பளம்னு தெரிஞ்சுதான் வந்தீங்களா? அந்த வீட்ல பொண்ணு இருக்குதுன்னு?"

"சத்தியமா தெரியாது."

"அந்த வார்த்தையை இந்த வீட்ல சொல்லாதீங்க!"

தரையைப் பார்த்தபடி சொன்னார். "தலைத் தீபாவளிக்குத்தான் தெரிஞ்சுது. சாப்பிடறப்ப உங்கப்பா கதையைச் சொன்னாரு. வெச்சவன் கெடைச்சா உப்புலயே பொதைச்சிடுவேன்னாரு. வாயில இருந்த வடை உள்ளயும் போவலை, வெளியயும் வரலை."

"அப்பா செத்து எவ்ளோ வருஷம் ஆவுது? அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாம் இல்ல?"

எவளாவது ஒருத்தி இருந்திருந்தால்கூட இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. இந்த மனுஷனுக்கா இத்தனை வருஷம் வடை சுட்டுப் போட்டேன் என்று வயிறு எரிந்தது.

மறுநாள் காலையில் அவரைச் சித்தப்பா வீட்டுக்கு இழுத்துப் போனேன். சித்தப்பா பின்கட்டில் தன் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"என்னம்மா, உங்கப்பன் விட்டுட்டுப் போனது இன்னும் எதுனா பாக்கி இருக்குதா?"

இவர் திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னார். சித்தப்பா புத்தகத்தை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தார். குதிரையைப் பார்க்கவில்லை. அவர் விரல் நேராக ஓரத்தில் இருந்த கைத்தடத்துக்குப் போனது.

"அவன் கைதான்," என்றார்.

இவர் "மன்னிச்சிடுங்க" என்று காலில் விழுந்தார். எட்டி உதைப்பார், காறித் துப்புவார், புத்தகத்தோடு போலீசுக்குப் போவார் என்று நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் எங்களைக் கவனிக்கவே இல்லை.

"அன்னிக்கு முட்டி வலிச்சுதும்மா. முட்டி வலிச்சா மழை வரும். அதான் மூடினேன். ஒருத்தனும் கேக்கலை." மறுபடி படத்தைப் பார்த்தார். "ஆனா வாய்க்கால் சண்டையில, உன் உப்பு கரைஞ்சு போவணும்டான்னு உங்கப்பனைச் சொல்லிட்டேன். அது பலிச்சிடுச்சோ, அதை மறைச்சு சத்தியம் பண்ணதாலதான் ஞானாம்பா போயிட்டாளோன்னு எனக்கே என் மேல சந்தேகம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. இவரைக் கையைப் பிடித்து எழுப்பினார்.

"மாப்ள, இதுல எந்த வருஷம்னு போட்டிருக்குதா?"

"அட்டையிலயே இருக்குதுங்க."

"மாசம்?"

"அதுவும் இருக்குதுங்க."

"அப்ப இதை நான் வெச்சிக்கிறேன். என் பையன் லேசுல நம்ப மாட்டான். நானே ஆளுங்களைப் பேசி இட்டாந்திருக்கேன்னு சொல்லுவான். நீங்க ரெண்டு பேரும் போயிடாதீங்க, இங்கியே நில்லுங்க."

அடுப்பை அணைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முன்கட்டுக்குப் போகும் சாத்திய கதவின் முன்னால் போய் நின்றார். உள்ளே டிவி சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"டேய் மணிகண்டா," என்றார். "அப்பா அன்னிக்கு பொய் சொல்லலைடா. வந்து பாரு."

உள்ளே டிவி சத்தம் நின்றது.