சிவப்புக் கட்டம்

சவப்பெட்டிக்குள் மூக்குக் கண்ணாடி எதற்கு என்று வசந்தகுமாரி கேட்டுக்கொண்டிருக்கும்போதே, ஸ்டெல்லா அதைச் சேலைத் தலைப்பில் துடைத்து இருதயராஜின் முகத்தில் மாட்டிவிட்டாள்.

"அங்க போய் என்னத்தப் படிக்கப் போறாராம்?"

எதிர்வீட்டு வசந்தகுமாரிக்கு மெதுவாகப் பேச வராது. செகந்திராபாத் மெட்டுகுடாவின் அந்தச் சந்தில் பேப்பர் வாங்காதவர்கள் அவளை நம்பித்தான் இருந்தார்கள்.

நேற்றுச் சாயங்காலம் மாரடைப்பில் புருஷன் போனதிலிருந்து ஸ்டெல்லா அழவே இல்லை. சந்து அதையும் கவனித்து வைத்துக்கொண்டது.

மகள் ஆக்னஸ் உள்ளறையில் அப்பாவின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சாவு வீட்டில் பெண் கம்ப்யூட்டரே கதியென்று இருந்தால் ஊர் சும்மா இருக்குமா? "ஆபீஸ் மெயில் பாக்குது போல. ஹைடெக் சிட்டி வேலைன்னா சும்மாவா?" என்று ஜன்னல் வழியாக ஒரு குரல் வந்து போனது. யார் குரலென்று சொல்ல வேண்டியதில்லை.

அவள் தேடியது மெயில் அல்ல, அப்பாவின் மெட்டு. அந்தச் சந்திலிருந்து யார் கடைசிப் பயணம் கிளம்பினாலும் இருதயராஜ் அந்த வீட்டு வாசலில் நின்று, தானே கட்டிய ஒரு மெட்டைக் கிட்டாரில் வாசிப்பார். அதற்குப் பிறகுதான் வேன் கதவு திறக்கும். பாலாநகர் ஃபாக்டரிக்கு லீவு போட்டுவிட்டு வந்து வாசித்த மனுஷன். குனிந்தே வாசிப்பதால் நடுவில் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிடும். மீட்டுகிற கையை எடுத்து அதை மேலே தள்ளிவிட்டுத் தொடர்வார். எத்தனை சோகமான சாவிலும் அந்த இடத்தில் யாராவது ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பார்கள்.

போன வருடம் திடீரென்று நிறுத்திவிட்டார். மகள் சம்பளம் ஏறியதும் அப்பனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று சந்து தீர்ப்புச் சொல்லிவிட்டது. சர்க்கரையில் இடது கை விரல்கள் மரத்துப்போய், கம்பியைத் தொட்டால் தொட்டது தெரியாமல் போனதை அவர் வீட்டு வாசலைத் தாண்ட விடவில்லை. கிட்டார் சுவருக்குப் போனது. அவர் கம்ப்யூட்டருக்குப் போனார்.

திரையில் ஆறு கம்பிக்கு ஆறு கோடு. கிட்டார் கழுத்தில் எத்தனையாவது கட்டையில் விரல் என்பதற்குக் கோட்டின் மேல் எண். எழுதிக் கொடுத்தால் கம்ப்யூட்டரே வாசிக்கும். முதலில் அது வாசித்தது செகந்திராபாத் ஸ்டேஷனில் அறிவிப்புக்கு முன்னால் அடிக்கிற மணி மாதிரி இருந்தது. நிஜக் கிட்டாரில் பதிவு செய்த ஒலிகளை எங்கெங்கோ தேடி இறக்கினார். எல்லாச் சுரமும் ஒரே பலத்தில் விழுகிறதே என்று ஒவ்வொன்றாகத் தணித்தார், ஏற்றினார். ஆறு கம்பியும் ஒன்றாக அதிராமல் மயிரிழை முன்பின்னாக நகர்த்தினார். விரல் வழுக்கும்போது கம்பி போடும் கீச்சைக்கூட விடவில்லை. "வடிச்ச சோத்த வெச்சுட்டு, சோத்துக்குப் படம் போட்டுட்டு இருக்காரு" என்று வசந்தகுமாரி சொன்னது சந்தில் ரொம்ப நாள் ஓடியது.

"அவர் வாசிச்சுத்தான் அவர் போகணும். அதுவரைக்கும் மூடி போட விடமாட்டேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள் ஸ்டெல்லா.

"கீபோர்டுல நான் வாசிச்சிடறேன் ஆன்ட்டி, டென்ஷன் நக்கோ, கவலைப்படாதீங்க" என்ற கோயில் பாட்டுக் குழுத் தியாகுவுக்கு ஒரு பார்வைதான் கிடைத்தது.

ஃபாதர் ஜெபத்தை முடித்துவிட்டார். வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்தார்.

ஆக்னஸ் மெட்டு இருந்த ஃபைலைத் திறந்தாள். கோடுகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்ததில் நடுவில் ஒரு கட்டம் மட்டும் சிவப்பாக இருந்தது. கட்டத்துக்கு நாலு தட்டுதான் கணக்கு, இதில் ஐந்து. ஐந்தாவதில் எண்ணே இல்லை, வெறும் மௌனம். அவள் சம்பளம் வாங்குவதே பிழை பிடிப்பதற்கு. சிவப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. அப்பா எண்ணிக்கையில் தடுமாறிவிட்டார் என்று நினைத்து அந்த ஒன்றை அழித்தாள். கட்டம் கறுப்பானது. ஓட்டிப் பார்த்தாள்.

கூடத்தில் பேச்சு அடங்கியது. ஸ்பீக்கர் என்று சொன்னால்தான் தெரியும். மெட்டு ஓர் இடத்திலும் இடறாமல் ஓடி முடிந்தது.

"ஹவ், ஆமா, அவரேதான்!" என்றாள் வசந்தகுமாரி. அவளுக்கே குரல் தணிந்திருந்தது.

ஸ்டெல்லா அறை வாசலில் வந்து நின்றாள். "யாருடி இது வாசிக்கறது?"

"அப்பாதாம்மா. அப்பா செஞ்ச ஃபைல்."

"உங்கப்பா இல்ல. அவர் ஏறி இறங்கற எடத்துல ஒரு நிமிஷம் நிப்பாரு. இவன் ரயில் பிடிக்கப் போறவன் மாதிரி ஓடறான்."

"அங்க தப்புன்னு சிவப்பா காட்டுச்சும்மா. அதான் எடுத்துட்டேன்."

"காட்டட்டும்."

ஆக்னஸ் திரையைப் பார்த்தாள். அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தாள். கட்டம் சிவந்தது.

ஸ்பீக்கரை வயர் எட்டுகிற வரை இழுத்து ஜன்னலில் வைத்தான் தியாகு. பெட்டியைத் தூக்கி வாசல் பெஞ்சில் வைத்தார்கள். படியில் இறக்கும்போது பெட்டி சாய்ந்ததில் கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. அதைச் சரிசெய்யத் தூக்கி வந்த நாலு பேருக்கும் கை வரவில்லை.

கிட்டார் ஆரம்பித்தது. விரல் வழுக்குகிற கீச்சு சந்து முழுக்கக் கேட்டது. மெட்டு ஏறியது, இறங்க வேண்டிய இடத்தில் நின்றது.

வயர் பிடுங்கிக்கொண்டதோ என்று தியாகு திரும்பினான். வசந்தகுமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்டெல்லா பெட்டிக்குள் கையை நீட்டி, ஒற்றை விரலால் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டாள்.

கிட்டார் தொடர்ந்தது.