ஒன்றாம் வகுப்புக்குப் போன கணக்கு சார்

வீட்டை ஒழித்துப்போட்டால் மனசு லேசாகும் என்று துக்கம் விசாரிக்க வந்த யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் கணக்கு சார் அந்தக் காரியத்தைச் செய்தார். மனைவி போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு மேலே, கால் வைக்கும் இடமெல்லாம் அவள் சேர்த்து வைத்த சாமான்தான்: பால்பவுடர் டப்பா, ஐஸ்கிரீம் கப், செருப்புப் பெட்டி, துண்டுத்துணி, ஒரு சாக்கு நிறைய பாட்டில் மூடி. அவள் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அதே பள்ளிக்கூடத்தில் இவருக்கு ஐந்தாம் வகுப்பு. பிள்ளைகள் அவளை டப்பா டீச்சர் என்றுதான் சொல்லும். அந்தப் பெயரில் அவளுக்கு ஏக சந்தோஷம். "இது வீடா, குப்பைமேடா?" என்று இவர் சத்தம் போடாத நாள் குறைவு. பள்ளிக்கூடம் திறந்ததும் ஒன்று விடாமல் எடுத்துப் போய்விடுவதாக ஒவ்வொரு வருடமும் சொல்வாள், எடுத்தும் போவாள். மறுநாளே அடுத்த வருடத்துக்குச் சேர்க்க ஆரம்பிப்பாள்.

இந்த விடுமுறையில் காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

ஒரு நாள் காலையில் தள்ளுவண்டியைக் கூப்பிட்டு அத்தனையையும் எடைக்குப் போட்டுவிட்டார். மனசு லேசாகவில்லை. வீடு பெரிதானதுதான் மிச்சம்.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது தலைமை டீச்சர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஒன்றாம் வகுப்புக்குப் புது ஆள் போட அரை வருடமாவது ஆகும் என்றும், ஐந்தாம் வகுப்பைத் தாமே பார்த்துக்கொள்வதாகவும், சின்ன வகுப்பை இவர்தான் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். கணக்கு சார் தலை குனிந்தே நின்றார்.

"சின்னப் பிள்ளைங்கன்னா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது டீச்சர்."

"உங்களைப் பார்த்தா அவங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் சார். போகப் போகப் பழகிக்கலாம்."

அறையைத் திறந்து பார்த்தார். வெள்ளையடித்துவிட்டு மொட்டையாக விட்டிருந்தார்கள். நான்கு சுவர், ஒரு கரும்பலகை, ஒரு மூங்கில் பாய். போன வருடத்து அட்டையெல்லாம் கரையான் அரித்துக் குப்பைக்குப் போயிருந்தது. அட்டையும் துணியும் ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது என்பதும், அவள் ஏன் ஓயாமல் சேர்த்தாள் என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அலுவலகத்தில் கேட்டதற்கு ஒரு பெட்டி சாக்பீஸும் ஒரு துடைப்பமும் கொடுத்தார்கள்.

நேரே தள்ளுவண்டிக்காரன் சரக்குப் போடும் பழைய இரும்புக் கடைக்குப் போனார். அட்டையும் துணியும் லாரி ஏறிவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். டப்பா மட்டும் சில மிச்சம். அவற்றில் போல்ட்டும் நட்டும் போட்டு வைத்திருந்தார். யாருடைய சாமான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் டப்பாக்களைத் தரையில் கவிழ்த்துக் காலி செய்து, சட்டைத் துணியாலேயே துடைத்துக் கொடுத்தார். காசு நீட்டியதற்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கடைக்காரரின் மகள் எழுதப் படிக்கக் கற்றது டப்பா டீச்சரிடம்தான்.

மறுநாள் தையல் வேலை பார்க்கும் மைத்துனி வகுப்புக்கு வந்தாள். அக்காளைப் போலவே உருவம். அதனாலேயே அவளை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தயக்கம்.

"எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டீங்களாமே மாமா?"

"போட்டுட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கும் அக்காதானே."

அவர் துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தார். அவளும் அதற்கு மேல் குத்திக் காட்டவில்லை. கொண்டு வந்த சாக்கைத் தரைவிரிப்பாக ஓரம் மடித்துத் தைக்க உட்கார்ந்துவிட்டாள். இவர் செங்கல் அடுக்கி மேலே பலகை போட்டுப் புத்தக அலமாரி செய்தார். பெயிண்டர் தூக்கிப்போட்ட வாளிகளைக் கழுவிக் கவிழ்த்தார். மேலே அவள் பஞ்சு மெத்தை தைத்துக் கட்ட, அவை நாற்காலி ஆயின. பழைய காலண்டரின் பின்பக்கத்தில் படம் வரையலாம் என்று அடுக்கி வைத்தார். வரைந்ததைத் தொங்கவிடச் சுவருக்குச் சுவர் கயிறு கட்டித் துணி காயப்போடும் கிளிப் மாட்டினார். டப்பாக்களில் அழகான கையெழுத்தில் பென்சில், கத்தரிக்கோல், ரப்பர் என்று எழுதி ஒட்டிவிட்டு, பார் என்பதுபோல் தள்ளி நின்றார்.

மைத்துனி ஊசியை நிறுத்தினாள். "படிக்கத் தெரியாமத்தானே மாமா இந்த வகுப்புக்கே வருதுங்க?"

அவர் டப்பாக்களைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் கிழித்துவிட்டுப் படம் வரைய உட்கார்ந்தார். அளவுகோல் வைத்துக் கோடு போட்ட கை அது. கத்தரிக்கோல் நண்டு மாதிரி வந்தது. மைத்துனி பார்த்துவிட்டுச் சிரித்தாள். சாவுக்குப் பிறகு அவள் சிரித்து அவர் அன்றுதான் கேட்டார். சிரிப்பு அவள் அக்காளுடையது. அது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு, தைத்துக்கொண்டிருந்த சாக்கில் முகத்தைப் புதைத்து அழுதாள். கணக்கு சார் என்ன செய்வது என்று தெரியாமல் நண்டுக்கு வண்ணம் அடித்துக்கொண்டே இருந்தார்.

பள்ளி திறந்த அன்று அம்மாக்களின் சேலையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வந்தன. ஒரு சிறுமி மட்டும் வாசலிலேயே நின்றுகொண்டாள். உள்ளே வரமாட்டாளாம். டப்பா டீச்சரிடம்தான் சேர்ப்பதாக வீட்டில் சொல்லியிருந்தார்களாம். அவள் அம்மா தர்மசங்கடத்துடன் கணக்கு சாரைப் பார்த்தாள். ஊருக்குப் போயிருப்பதாக ஏதாவது சொல்லிவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

அவர் குந்தி உட்கார்ந்தார்.

"டீச்சர் செத்துப் போயிட்டாங்கம்மா."

இத்தனை நாளும் உறவுக்காரர்கள்தான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை.

சிறுமி அழவில்லை.

"அவங்க உங்க வீட்டு டீச்சர்தானே?"

"ஆமா."

"அப்போ உங்களுக்கு யார் சாப்பாடு போடறா?"

"நானே பொங்கிச் சாப்பிடறேன்."

"நல்லா இருக்கா?"

"இல்லம்மா. நல்லாவே இல்ல."

அவர் கண்ணைத் துடைப்பதை அவள் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் ஒரு வாளியைப் பிடித்து உட்கார்ந்தாள்.

அன்று பாடம் என்று ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேர் அழுதார்கள், ஒருவன் தூங்கிவிட்டான். பென்சில் எல்லா டப்பாவிலும் இருந்தது, பென்சில் டப்பாவைத் தவிர. மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு அவர் தனியாகப் பொறுக்கினார், பெருக்கினார், கழன்ற மெத்தைகளைக் கட்டினார், மறுநாளைக்குப் படம் ஒன்று வரைந்து பார்த்தார். இத்தனை வருடமும் இந்த நேரத்தில் அவர் பள்ளி வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்து மனசுக்குள் புகைந்துகொண்டிருப்பார். பிள்ளைகள் போன பிறகும் உள்ளே இவளுக்கு அப்படி என்னதான் வேலை என்று, அவள் வந்ததும் வராததுமாகக் கடுகடுப்பார். அவள் கையில் ஒட்டிய பசையை உரித்துக்கொண்டே சிரித்தபடி கூட நடப்பாள்.

அவர் அறையைப் பூட்டி வெளியே வந்தபோது மைதானம் காலியாக இருந்தது. வாசலில் வாட்ச்மேன் மட்டும் சாவியோடு நின்றான். நேரமாகிவிட்டது என்று அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கை விரலில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டியபடி அவர் வீட்டுக்கு நடந்தார்.