அம்மாவைக் கழற்றிவிட்டு ஏறவும்

“கணக்கைக் காட்டுங்க டாக்டர்” என்றேன். டாக்டரிடம் கணக்குக் கேட்கவே கூடாது என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். வேலையில் சேர உடல்தகுதிச் சான்று வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தேன்.

டாக்டர் கோமதிநாயகம் தாளைத் திருப்பினார். எடை 217 கிலோ. உயரம் 1.58 மீட்டர்.

“எடையை உயரத்தால ரெண்டு தடவை வகுத்தா பிஎம்ஐ. உங்களுக்கு எண்பத்தேழு. இருபத்தஞ்சைத் தாண்டக் கூடாது.”

“என் எடை ஐம்பத்தஞ்சு.”

“முதல் பட்டதாரி இல்லையா நீங்க? வீட்ல உள்ளவங்களும் சேர்ந்துதான் வருவாங்க.”

வீட்டில் அப்பா, அம்மா, சித்தி. எடை இயந்திரத்துக்குள் அப்பா இருமினார்.

நர்ஸ் செல்வராணி மறுபடி ஏறச் சொன்னார். செருப்பைக் கழற்றினேன். வாட்சைக் கழற்றினேன். முள் அசையவில்லை.

“இன்னும் என்னக்கா கழட்டணும்?”

“அம்மாவ.”

“முடியாது.”

“சித்தியவாவது கழட்டு. எல்லாப் பிள்ளைகளும் கழட்டிட்டுத்தான் ஏறுது. அந்தா பாரு.”

சுவரோரப் பெஞ்சில் தாய்மார்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி மேலும் ஒரு டோக்கன். ஒருத்தி மட்டும் கண்ணைத் திறந்து, “சாப்ட்டியாம்மா?” என்று என்னைக் கேட்டாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது.

“எடை நாலு பேரோடதுன்னா உயரமும் நாலு பேரோடதுதான். அளங்க.”

மறுக்க டாக்டருக்கு விதி எதுவும் கிடைக்கவில்லை. என் தலைமேல் அம்மா நின்றாள். அவள்மேல் சித்தி. உச்சியில் அப்பா. கூரை கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

“இங்க ஒரே ஒட்டடையாக் கெடக்கு பாப்பா” என்றார் அப்பா.

டாக்டர் வகுத்தார். “ஆறுகூட வரலை. பதினெட்டரையாவது வேணும். ரொம்ப மெலிவு.”

“அப்ப?”

“இவங்கள இறக்கிட்டுத் தனியா நில்லுங்க. இருபத்திரண்டு வரும். இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

பேனாவைத் திறந்தார். மேலே மூன்று பேரும் மூச்சைப் பிடித்து எடை குறையப் பார்த்தார்கள்.

“நாங்க எறங்கிடுதோம் பாப்பா” என்றாள் அம்மா.

“ஆடாம நில்லும்மா.”

திங்கட்கிழமை சான்று இல்லாமலே வேலையில் போய் உட்காரப் போகிறேன். அதை டாக்டர் வகுத்துக்கொண்டிருந்தபோதே முடிவு செய்துவிட்டேன்.

வாசல் தாழ்வு. “யாரும் குனியாதீங்க” என்று சொல்லிவிட்டு நடந்தேன். செங்கற்கள் பெயர்ந்து விழுந்தன.