மெலிந்து காட்டியவர்

அலெக்ஸாந்திரியாவில் டிராம் ஓட்டும் வகீஹுக்கு நெஞ்சுவலி வந்தது வண்டியிலேயேதான். நல்லவேளை, நிறுத்தத்தில் நின்றிருந்தது. பயணிகள் அவரை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். மீசை முளைக்காத வயதில் பிடித்த சிகரெட்டை அந்தக் கட்டிலிலேயே விட்டார். பக்கத்துக் கட்டிலில் அதே நோவோடு கிடந்த ஷெஹாத்தாவும் விட்டார். அன்ஃபூஷி வட்டாரத்தில் மீன் பொரிக்கும் கடையில் சமையல்காரர் அவர். இனி புகையை நாடுவதில்லை என்று இருவரும் கட்டிலுக்குக் கட்டில் கை நீட்டிச் சத்தியம் செய்துகொண்டார்கள்.

சிகரெட் போன இடத்தில் பசி வந்து உட்கார்ந்தது. வகீஹின் கை சும்மா இருக்க மறுத்தது. பூசணி விதை, எள் தூவிய ரொட்டி, சர்க்கரைப் பாகு ஊறிய பஸ்பூசா என்று ஏதாவது வாய்க்குள் போய்க்கொண்டே இருந்தது. குளிர்காலம் முடிவதற்குள் சீருடையின் பொத்தான்கள் துளைகளை எட்டாமல் போயின. டிப்போவில் ஆள் ஆளுக்குப் பேசினார்கள்.

"டிரைவர் உஸ்தா, உன் வயிறு வந்து கால் மணி நேரம் ஆச்சு. நீ இப்பத்தான் வர்றியா?" என்று டிக்கெட் பரிசோதகர் கேட்டதற்கு வகீஹும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து மனைவி நகாத்திடம் சாப்பாடு வேண்டாம் என்றார். பிறகு அவள் குளிக்கப் போனதும் நின்றபடியே பானையை வழித்துத் தின்றார்.

மகள் ரிஹாமின் நிச்சயதார்த்தப் படங்களில் தன்னைப் பார்த்தபோது அவருக்கு அழுகை வந்தது. எல்லாப் படத்திலும் அவர் யாருடைய முதுகுக்குப் பின்னாலோ ஒளிந்து நின்றார். அன்று மாப்பிள்ளையின் பெரியப்பா நீட்டிய சிகரெட்டை மறுக்காமல் வாங்கிக்கொண்டார். ஒன்றுதானே என்று நினைத்தார். மறுநாள் பசி மட்டுப்பட்டதுபோல் இருந்தது. அதற்கு மறுநாள் தானே கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கினார்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று புகைப்பார். மீன் தின்ற கையைக் கழுவுவதுபோல எலுமிச்சை தேய்த்துக் கழுவுவார். புதினாவை மெல்லுவார். உடம்பு இளைத்தது. நகாத் பெருமையோடு பேன்ட்டைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். அவள் ஊசியைக் குத்தி இழுக்கும்போதெல்லாம் அவர் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

இருதய நோயாளிகள் மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் கூடுவார்கள். டாக்டர் இனாஸ் எல்லோரையும் எடை பார்த்து, உணவையும் நடையையும் பற்றிப் பேசுவார். இன்னும் புகைக்கிறாரா என்று வகீஹைக் கேட்டபோது, தொடுவதே இல்லை என்று சொல்லிவிட்டார். டாக்டர் அவரை முன்னால் நிறுத்தி, புகையையும் விட்டு எடையையும் குறைத்த மனிதர் என்று எல்லோருக்கும் காட்டினார். கைதட்டினார்கள். ஷெஹாத்தாதான் பலமாகத் தட்டினார். அவர் புகையைத் தொடவே இல்லை, நன்றாகப் பெருத்திருந்தார். நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் ஷெஹாத்தா அவர் கையைப் பிடித்தார்.

"எப்படி வகீஹ் முடிஞ்சுது? எம் பொண்டாட்டி தெனம் உன் பேரைச் சொல்லித்தான் திட்டுறா. கடைப் பசங்க என்னைத் திமிங்கலம்னு கூப்பிடுறானுங்க. பேசாம மறுபடியும் ஊத ஆரம்பிச்சுடலாமான்னுகூடத் தோணுச்சு. உன்னைப் பார்த்துத்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்."

வகீஹ் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் நேரே சிகரெட் கடைக்குப் போய்விடுவாரோ என்று பயந்தார். தன் மானம் போகுமே என்ற பயம் அதைவிடப் பெரிது என்பதும் அவருக்குத் தெரிந்தது.

"ராத்திரி சாப்பாட்டை விட்டுட்டேன். வேற ஒண்ணுமில்ல" என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு ஷெஹாத்தா வரவில்லை. இரவுச் சாப்பாட்டை விட்டவர், பிறகு பகல் சாப்பாட்டையும் விட்டாராம். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் மயங்கி விழப்போனவரைக் கடைக்காரர்கள் பிடித்துப் பின்னால் இழுத்தார்களாம். முழங்கையில் மட்டும் எண்ணெய் பட்டுக் கொப்புளித்ததாம். டாக்டர் இதைச் சொல்லி, பட்டினி கிடக்காதீர்கள் என்று எல்லோரையும் எச்சரித்தார். வகீஹால் அங்கே உட்கார முடியவில்லை.

நேரே ஷெஹாத்தாவின் வீட்டுக்குப் போனார். கையில் கட்டோடு சோபாவில் சாய்ந்திருந்தவர் முகம் மலர்ந்து, தேநீர் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். அந்த வரவேற்பு வகீஹுக்கு முள்ளாகக் குத்தியது. தேநீர் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவசரமாகச் சொன்னார்.

"நான் பட்டினி கிடக்கல, ஷெஹாத்தா. சிகரெட் குடிச்சுத்தான் இளைச்சேன். உங்கிட்டப் பொய் சொன்னேன்."

ஷெஹாத்தா கைக்கட்டைத் தடவியபடியே மெதுவாகப் பேசினார்.

"புள்ளைங்க முன்னாடி ஒரு ரொட்டிய எடுக்கக்கூட வெக்கப்பட்டேன்டா. நீ இளைச்சுட்ட, நான்தான் கையாலாகாதவன்னு நெனச்சு வெக்கப்பட்டேன்." உள்ளேயிருந்து வந்த கோப்பையை வகீஹ் பக்கம் தள்ளி, "தேநீரைக் குடிச்சுட்டுப் போ. என் வீட்டுல யாரும் வெறும் வாயோட போனதில்ல" என்றார்.

அந்தத் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் வகீஹ் பட்ட பாடு நெஞ்சுவலியின்போதுகூடப் பட்டதில்லை. விடைபெறும்போது ஷெஹாத்தா கை கொடுக்கவில்லை.

அன்றே நகாத்திடம் சொன்னார். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். எவ்வளவு நாளாக என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அடுத்த கூட்டத்தில், கைதட்டியவர்கள் எல்லோரும் இருக்கும்போதே எழுந்து நின்று சொன்னார். டாக்டர் இனாஸ் கோபப்படவில்லை. அவரை முன்னால் நிறுத்தியது தன் தவறு என்றார். புகையை விட்டவர்களுக்குப் பலசமயம் எடை ஏறும். அதை மெல்ல மெல்ல உணவாலும் நடையாலும் இறக்கிக்கொள்ளலாம். இளைக்க வேண்டும் என்று புகைத்தால் இருதயம் மன்னிக்காது என்றார். பிறகு கடைசி வரிசையில் இருந்த ஷெஹாத்தாவைப் பார்த்து, இந்த அறையில் எனக்கு நிம்மதி தருகிற நோயாளி நீங்கள்தான் என்றார். ஷெஹாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வகீஹ் இரண்டாவது முறையாகப் புகையை விட்டார். முதல் முறையைவிடக் கடினமாக இருந்தது. வயிறு திரும்பி வந்தது. டிப்போவில் கேலியும் வந்தது. இந்த முறை அவர் சேர்ந்து சிரிக்கவுமில்லை, பானையை வழிக்கவுமில்லை.

நோயாளிகள் காலையில் கடற்கரைச் சாலையில் சேர்ந்து நடப்பது என்று ஏற்பாடாயிற்று. ஷெஹாத்தா அவரோடு பேசாமல் முன்னால் நடப்பார். வகீஹ் பத்தடி தள்ளி வருவார். பல வாரம் அப்படியே போயிற்று. ஒருநாள் எதிர்க்காற்று பலமாக இருந்தபோது ஷெஹாத்தா திரும்பாமலே கேட்டார்.

"மூச்சு வாங்குதா?"

"வாங்குது."

"எனக்கும்தான். உனக்காக நிக்க மாட்டேன். வர்றதுன்னா வந்து சேரு."

வகீஹ் தலையைக் குனிந்தபடி நடையை எட்டிப் போட்டார்.