பெருக்கமரத்துக்குள் ஒரு புருஷன்

சகல தேசத்தாரும் எழுந்து நின்று கேட்க வேண்டிய பெருஞ்செய்தி: கிசாமா நாட்டில் சாம்பா என்பவளின் பெருக்கமரம் பேசிற்று. பேசியது இவ்வளவுதான்: "களியில உப்பே இல்லடி."

குரல் அவள் புருஷன் கபாங்காவுடையது. மூன்று கோடைக்கு முன், உப்புப்பாறை வெட்டப் போனவனைப் பறங்கிகள் சங்கிலி போட்டுக் கப்பலேற்றிவிட்டார்கள். கடலுக்கு அப்பால் ஏதோ கரும்புத் தோட்டத்தில் அவன் சோற்றைக் குறை சொல்வது, ஊரார் வீடுபோலப் பருத்த அந்த மரத்தைக் குடைந்து கோடைக்குச் சேமித்த மழைத்தண்ணீரில் கேட்டது. ஊரில் இருந்தபோதும் அவன் அதைத்தான் சொல்வான் என்பதால் யாரும் அதிசயப்படவில்லை. சாம்பா தினமும் ஏணியேறி, மரத்தின் வாயில் தலையை நுழைத்து, "அதுக்கு நான் என்ன செய்ய?" என்பாள். அவள் பேச்சு அவனை எட்டவில்லை. குடும்பம் ஒருவழியாக நடந்தது.

பிறகு பறங்கிப் படை ஆள் பிடிக்க ஆற்றைக் கடந்தது. 'இடியை இடுப்பில் செருகியவர்' என்று பட்டம் கொண்ட அரசர், ஒன்பது மனைவியரோடும் ஊராரோடும் குன்றுக்குப் பின்னால் போய், அங்கிருந்து வீரமாக ஆணையிட்டார்: படை வரும் வழியில் ஒரு மரத்திலும் தண்ணீர் இருக்கக் கூடாது.

சாம்பா மட்டும் மரத்தடியை விட்டு நகரவில்லை. வில்லாட்களின் தலைவன் முஹோங்கோ அவளிடம் வந்து நின்றான். "சாம்பாக்கா, உன் மரம்தான் பாக்கி."

"அதுல என் வீட்டுக்காரன் இருக்கான்யா."

"தெரியும்கா. பறங்கிக்கு அவன் வெறும் தண்ணி. குடிச்சிட்டுத் தெம்பா நம்ம புள்ளைங்களைக் கட்டி இழுத்துட்டுப் போவான்."

அவள் சுரைக்குடுக்கையை எடுத்தாள். "நீ தள்ளு. நானே மொள்றேன்."

இரண்டு நாள் மொண்டு கொட்டினாள். தண்ணீர் இறங்க இறங்கக் குரல் மெலிந்தது. கடைசிக் குடுக்கையைக் கொட்ட மனம் வரவில்லை, குடித்தாள். ஒரு நாள் முழுக்க வயிற்றுக்குள் முணுமுணுத்தான். அப்புறம் அதுவும் இல்லை.

பறங்கிகள் காலி மரங்களைத் தட்டித் தட்டிப் பார்த்து நாக்கு வறண்டு நின்ற ஐந்தாம் நாள், வில்லாட்கள் புதரிலிருந்து எழுந்தார்கள். ஆற்றைத் திரும்பக் கடந்தவர்கள் சொற்பம். அந்த வருஷம் அவ்வூரிலிருந்து ஒருவரும் சங்கிலியில் போகவில்லை. அரசர் இன்னும் நான்கு பட்டங்கள் சூட்டிக்கொண்டார். முரசடிப்பவன் அவற்றைச் சொல்லி முடிக்க ஒரு காலைப்பொழுது ஆயிற்று. சாம்பாவோ மழைக்காலம் வரை காலி மரத்துக்குள் தலையை நுழைத்து, தன் மூச்சு திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மழை வந்தது. மரம் நிறைந்தது. குரலும் வந்தது, ஆனால் வேறு யாரோ ஒருத்தியின் புருஷனுடையது. சாம்பா ஏணியில் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். அவனுக்கும் உப்பு போதவில்லை.