சுவருக்கு வெளியே கேட்ட அழுகை

1.

இந்தக் கதை என்னுடையதல்ல. இங்கிலாந்தின் லட்லோ நகர நூலக மாடியில் எங்கள் வம்சாவளிக் குழு கூடிய ஒரு செவ்வாய்க்கிழமை, மேவிஸ் கார்பெட்டின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து எடுத்தது. "எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"எழுதிக்கோ. ஆனா என்னை ஒல்லியாக் காட்டு."

மேவிஸ் மிகவும் ஒல்லியானவள். (வாக்கைக் காப்பாற்றிவிட்டேன்.)

மேவிஸ் தேடிக்கொண்டிருந்த மூதாதை ஆலிஸைப் பற்றி முதலில் இப்படித் தொடங்கினேன்: 1349ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் கோடையில், பதினான்கு வயது ஆலிஸ் தந்தையின் குதிரையைப் பிடித்துக்கொண்டு...

[அடித்துவிட்டேன். ஆவணத்தில் குதிரை இல்லை. பதினான்கும் சந்தேகம்.]

2.

ஏன் சந்தேகம்? அந்நாளில் மன்னரிடம் நேரடியாக நிலம் பெற்ற ஒருவர் இறந்தால், அதிகாரி வந்து பன்னிரண்டு உள்ளூர் ஆண்களை உட்காரவைத்துக் கேட்பார்: எப்போது இறந்தார், வாரிசு யார், வாரிசுக்கு என்ன வயது? பிறப்புப் பதிவே இல்லாத காலத்தில் நமக்குக் கிடைக்கும் தேதிகள் இவைதாம். 1349இல் ஆலிஸின் தந்தை இறந்தபோது அந்தப் பன்னிரண்டு பேர் சொன்னது: "வாரிசு மகள் ஆலிஸ், திருமணமாகாதவள், பதினான்கு வயதும் அதற்கு மேலும்."

மேவிஸின் ஒன்றுவிட்ட சகோதரன் க்ளைவ் கழித்துப் பார்த்து, 1335 என்று வம்ச வரைபடத்தில் எழுதிவிட்டான்.

"சாதாரணக் கழித்தல் கணக்கு மேவிஸ். இதுல என்ன தகராறு?"

"முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். 'பத்து நிமிஷத்துக்கு மேல ஆகும்'னு சொன்னா, சரியாப் பத்தாவது நிமிஷம் நீ ரோட்டை எட்டிப் பார்ப்பியா?"

"உன் பஸ்ஸை எட்டிப் பார்த்தே எனக்குக் கழுத்து வலி வந்துச்சு."

பதினான்கு என்பது வயதல்ல, ஒரு வாசற்படி.* அதைத் தாண்டிய பெண்ணுக்கு நிலம் நேராகக் கைக்கு வரும். தாண்டாதவளும் அவள் நிலமும் அவள் திருமணமும் வேறொருவர் பிடிக்குள் போகும். தாண்டிவிட்டாள் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். அவளுக்கு இருபதாக இருந்திருக்கலாம்.

* அந்தப் பன்னிரண்டு பேரும் அக்கம்பக்கத்தார். அவள்மேல் இரக்கப்பட்டுப் பொய்யும் சொல்லியிருக்கலாம். பதின்மூன்றாகவும் இருக்கலாம்.

3.

சனிக்கிழமை குடும்பக் கூடுகை. நாற்பத்து மூன்று பேர் வருகிறார்கள். அதற்கான மூன்றரை மீட்டர் வரைபடம் புதன்கிழமையே அச்சுக்குப் போகவேண்டும். உச்சியில் ஆலிஸ், பக்கத்தில் கணவன் வால்டர், அவர்களிலிருந்து கீழே எல்லோரும். மேவிஸ் பதினொரு வருடச் செவ்வாய்க்கிழமைகளைக் கொடுத்து ஏறிய உச்சி அது.

நாங்கள் கூடிய அந்தச் செவ்வாய்க்கிழமை காலைதான், ஆலிஸ் இறந்தபின் நடந்த அதேபோன்ற வாரிசு விசாரணையின் நகல் வந்திருந்தது. மேவிஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். "1351, ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை இறந்தாள்." ஈஸ்டர் வருடாவருடம் இடம் மாறும்; அட்டவணையைப் பார்த்தோம். ஏப்ரல் 18. ஆலிஸ் பிறந்த ஆண்டு ஊகம்தான், இறந்த நாள் மட்டும் கிழமையோடு கிடைத்தது.

அடுத்த வரியில் மேவிஸின் விரல் நின்றுவிட்டது. "வாரிசு, சித்தப்பா ஹியூ. நாற்பது வயதும் அதற்கு மேலும்."

பிள்ளை உயிரோடு இருந்திருந்தால் பிள்ளைதான் வாரிசு. சித்தப்பா என்றால், பிள்ளை இல்லை.

"அப்போ நாம?" என்றான் க்ளைவ்.

"வால்டர் இன்னொருத்தியைக் கட்டியிருக்கணும். நாம அவ வழி. பேர் தெரியல."

"சரி, ஆலிஸைத் தூக்கிடு. நம்ம ரத்தம் இல்லாதவங்களுக்கு இடம் கிடையாது. நீ போட்ட சட்டம்தான் தாயே."

மேவிஸ் எழுந்தாள், உட்கார்ந்தாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். ஆலிஸின் பெயரைச் சொல்ல உலகத்தில் யாருக்காவது ஒரு காரணம் இருந்ததென்றால், அது இந்த மூன்றரை மீட்டர்தான். அழித்தால் இனி அவளைத் தேட ஒருவருமில்லை.

இந்த இடத்தில் நான் ஒரு முடிவு எழுதினேன்: மேவிஸ் பெருமூச்சு விட்டு ரப்பரை எடுத்து...

[இல்லை. நகலில் இன்னும் ஒரு வரி பாக்கியிருந்தது.]

4.

"நிலம் வால்டரிடம் அவன் ஆயுள் வரை இருக்கும், அவள்மூலம் அவனுக்குப் பிள்ளை பிறந்திருந்ததால்."

அந்நாளைய வழக்கம் இது: பிள்ளை உயிரோடு பிறந்திருந்தால், பிறகு இறந்தாலும், மனைவியின் நிலம் கணவன் சாகும்வரை அவனிடம் இருக்கும். உயிரோடு பிறந்தது என்பதற்குச் சாட்சி? பிரசவ அறைக்குள் ஆண்களுக்கு இடமில்லை. விசாரணையில் அமர்பவர்களோ ஆண்கள். ஆகவே சட்டம் கேட்டது ஒன்றைத்தான்: நான்கு சுவருக்குள் குழந்தை அழுத சத்தம் வெளியே கேட்டதா?

கேட்டது என்றிருக்கிறார்கள்.

மேவிஸ் பென்சிலால் ஆலிஸுக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி வரைந்தாள்.

"பேரு?" என்றான் க்ளைவ்.

"தெரியாது."

"ஆணா, பொண்ணா?"

"தெரியாது."

"பொறந்தது?"

"நாப்பத்தொம்பதுக்கும் அம்பத்தொண்ணுக்கும் நடுவுல."

"செத்தது?"

"அதே நடுவுல."

க்ளைவ் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து, அது உடைந்து விழும்வரை பிடித்துக்கொண்டிருந்தான். "நாப்பத்து மூணு பேரும் வந்து, இந்தக் காலிப் பெட்டி யாருன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும். கேக்கறதுக்குத்தான்."

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அச்சு. அதுக்குள்ள முடிவு பண்ணு." ரப்பரை அவள் பக்கம் உருட்டிவிட்டான்.

5.

குழந்தைக்கு ஜோன் என்று பெயர் வைத்துப் பார்த்தேன். அடித்தேன். பிழைக்கவைத்துப் பார்த்தேன், சித்தப்பா ஹியூ குறுக்கே வந்து நின்றார். அன்று மேவிஸ் ரப்பரை எடுத்தாளா என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. அது அவள் முடிவு. உங்களிடம் கேட்பது வேறு.

அன்று ஆலிஸின் பிரசவ அறைக்கு வெளியே நின்ற ஆண்களும் எதையும் பார்க்கவில்லை. குழந்தை பிறந்ததையும் பார்க்கவில்லை, தாயின் முகத்தையும் பார்க்கவில்லை. கேட்டதை மட்டும் சொன்னார்கள். நீங்களும் இப்போது சுவருக்கு வெளியேதான் நிற்கிறீர்கள்.

கேட்டதா?